ஃபிலிம் ரீலில் ஏற மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கேமராவில் எடுத்த ஃபிலிமைக் கழுவ, முதலில் அதை முழு இருட்டில் ரீல் என்ற சுருள் தடத்தில் ஏற்றி, டேங்கு என்ற மூடிய பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும். அப்படி ஏற்றும்போது ஃபிலிம் சிக்கிக்கொண்டால் முதலில் கையை நிறுத்துங்கள். ரீலும் ஃபிலிமும் எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே டேங்குக்குள் இறக்கி, நடுத்தண்டைச் செருகி, மூடியைப் பூட்டிவிடுங்கள். மூடிய டேங்குக்குள் ஒளி புகாது. அதன்பின் விளக்கைப் போடலாம், கை கழுவித் துடைக்கலாம், ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம். சிக்கிய ஃபிலிமைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். சிக்கியபின் அழுத்தித் தள்ளிய ஃபிலிமைக் காப்பாற்றுவது கடினம். கீழே வரும் ஒவ்வொரு தீர்வுக்கும் இந்த நிதானம்தான் அடிப்படை.

ஒரு எச்சரிக்கை: பேட்டர்சன் நிறுவனத்தின் டேங்கு போன்றவற்றில் ஒளியைத் தடுப்பது மூடி மட்டுமல்ல, நடுத்தண்டும் சேர்ந்துதான். தண்டு இல்லாமல் மூடினால் மூடியின் நடுவே உள்ள புனல் வழியாக ஒளி நேராக உள்ளே இறங்கும். ஆகவே விளக்கை அணைக்கும் முன்பே டேங்கு, தண்டு, மூடி, ரீல், கத்தரிக்கோல் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில், எப்போதும் ஒரே வரிசையில் இருக்கட்டும்.

ரீலில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் போகும். ஸ்டீல் ரீலில் நடுவிலிருந்து வெளியே வரும். இந்த ஒரு வேறுபாட்டால் இரண்டிலும் கோளாறுகள் வேறு, தீர்வுகளும் வேறு.

இருட்டில் கைக்குத் தெரியும் அறிகுறிகள்

நுனி நுழைவாயிலைத் தாண்டவே இல்லை

பெரும்பாலும் நுனி வெட்டப்பட்ட விதம்தான் காரணம். 35 மி.மீ. ஃபிலிமின் நாக்கை, அதாவது கேசட் என்ற ஃபிலிம் உருளையிலிருந்து வெளியே நீளும் நுனியை, வெட்டும்போது கத்தரி ஒரு ஓரத் துளையின் நடுவே போயிருந்தால், அங்கே கொக்கி போன்ற ஒரு முனை மிஞ்சும். அது தடத்தின் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் மாட்டும். இரண்டு துளைகளுக்கு நடுவில் நேராக வெட்டுங்கள். பிறகு இரு மூலைகளையும் 2 மி.மீ. அளவுக்குச் சாய்வாகவோ வளைவாகவோ நறுக்குங்கள். கூர் மூலை பிளாஸ்டிக்கைக் குத்தும்; வளைந்த மூலை வழுக்கிப் போகும்.

நாக்கு கேசட்டுக்கு வெளியே இருந்தால் இந்த வெட்டை வெளிச்சத்திலேயே செய்துவிடலாம். அந்தப் பகுதி எப்படியும் ஒளிபட்டுப் போனதுதான். உள்ளே போய்விட்ட நாக்கை வெளியே இழுக்க லீடர் ரிட்ரீவர் என்ற மலிவான கருவி இருக்கிறது. இதில் இன்னொரு லாபம்: நுனியை ரீலின் நுழைவாயிலுக்குள் இருக்கும் எஃகுக் குண்டுகளைத் தாண்டும்வரை வெளிச்சத்திலேயே ரீலில் நுழைத்துவிட்டு, அதற்குப்பின் இருட்டுக்குப் போகலாம். தடுமாற்றத்தில் பாதி இந்த ஒரு ஏற்பாட்டிலேயே ஒழிந்துவிடும். ஆனால் நாக்கின் நீளத்துக்கு மேல் ஒரு விரல்கூட இழுக்காதீர்கள்.

வெட்டு சரியாக இருந்தும் நுழையவில்லையா? ரீலின் இரு பக்கங்களின் நுழைவாயில்களும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பெருவிரல்களால் தடவிப் பாருங்கள். ஒன்று சற்றே முன்னே திரும்பியிருந்தால் ஃபிலிம் கோணலாகத்தான் நுழையும். ஃபிலிமின் இயல்பான சுருட்டலும் ரீல் சுற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். எமல்ஷன் எனப்படும் ஒளியுணரும் பூச்சுள்ள பக்கம் உள்நோக்கி, நடுவைப் பார்த்து இருக்கும். ரீலைத் தலைகீழாகப் பிடித்தால் ஃபிலிம் தன் சுருட்டலுக்கு எதிராகப் போராடும்.

ரீலைத் திருப்புகிறேன், ஃபிலிம் நகரவில்லை

பிளாஸ்டிக் ரீலின் நுழைவாயிலுக்குச் சற்று உள்ளே, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறு எஃகுக் குண்டு இருக்கும். முன்னே திருப்பும்போது குண்டு ஃபிலிமைக் கவ்வி இழுக்கும், பின்னே திருப்பும்போது விட்டுவிடும். நுனி குண்டுகளைத் தாண்டாமல் நின்றிருந்தால் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. நுனியைப் பிடித்து, குண்டுக்கு அப்பால் சில சென்டிமீட்டர் போகும்வரை கையால் இழுத்துவிடுங்கள்.

நுனி தாண்டியும் கவ்வவில்லை என்றால் குண்டு தன் குழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரீலைக் காதருகே குலுக்குங்கள். இரு குண்டுகளும் கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலி இல்லையென்றால் காய்ந்த ரசாயனமோ ஈரமோ பிடித்து வைத்திருக்கிறது. இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்திலேயே செய்துவிடுவது நல்லது. இருட்டில் கண்டுபிடித்தாலும் வழி உண்டு: இரு பெருவிரல்களையும் நுழைவாயிலில் ஃபிலிமின் ஓரங்கள் மீது வையுங்கள். ஒரு பக்கத்தை முன்னே திருப்பும்போது அந்தப் பக்கப் பெருவிரல் மெல்ல அழுத்தட்டும், மறுபக்க விரல் தளரட்டும். குண்டின் வேலையை விரல் செய்யும். நடுப்பரப்பை மட்டும் தொடாதீர்கள்.

பாதிக்கு மேல் போய் நின்றுவிட்டது

அதிகம் பேரை அழவைப்பது இதுதான். 36 படங்கள் கொண்ட ஃபிலிம் ஏறக்குறைய 1.6 மீட்டர் நீளம். பிளாஸ்டிக் ரீலில் நுனி உள்ளே போகப் போக வளைவு இறுகிக்கொண்டே வரும். தடத்தில் உரசும் நீளமும் கூடிக்கொண்டே போகும். ஆகவே சின்னக் குறைகூடக் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் தன்னைக் காட்டும். தொடக்கத்தில் சுலபமாகப் போனதால் ரீல் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

காரணம் பத்தில் எட்டு முறை ஈரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிலிமின் எமல்ஷன் ஜெலட்டினால் ஆனது. ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பிப் பசைபோல் ஆகும். முந்தைய ஃபிலிமைக் கழுவிய ரீல் தொடுவதற்குக் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் தடத்தின் அடியிலும் குண்டின் குழியிலும் ஒரு துளி நீர் ஒளிந்திருக்கும். ஃபிலிம் அந்தத் துளியைத் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

நின்றுவிட்டால் இந்த வரிசையில் முயலுங்கள். முதலில் ரீலின் இரு பக்கங்களையும் மிக மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, ரீலின் ஓரத்தை உள்ளங்கையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். தடத்தில் ஒட்டிய ஃபிலிம் பல முறை இதிலேயே விடுபடும். அசையவில்லையா, ஃபிலிமை 10 சென்டிமீட்டர் அளவுக்குப் பின்னே இழுத்து மறுபடி உள்ளே விடுங்கள். அதே இடத்தில் மறுபடியும் நின்றால் அந்த இடத்தில் நீரோ அழுக்கோ இருக்கிறது. மூன்றாம் முறை தள்ளுவதால் ஃபிலிம் மடங்கும், அவ்வளவுதான். பேட்டர்சன் வகை ரீலைத் தடையைத் தாண்டித் திருப்பினால் இரு பாதிகளும் தனித்தனியாகக் கழன்றுவிடும். அப்படிப் பிரித்து, ஃபிலிமை இழுக்காமல் தூக்கி எடுங்கள். தளர்வாகச் சுருட்டி டேங்குக்குள் தண்டைச் சுற்றி வைத்து மூடுங்கள். வேறு உலர்ந்த ரீல் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் இதையே நன்கு துடைத்து, ஹேர் டிரையரின் மிதமான காற்றில் காயவைத்து, முழுதும் ஆறியபின் தொடருங்கள். சூடான ரீல் இன்னொரு தொல்லை. மறுமுறை ஏற்றும்போது ஃபிலிமின் மறுமுனையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முதல் முனை ஏற்கெனவே கசங்கியிருக்கும்.

ரீலே உலர்ந்திருந்தும் அடிக்கடி இந்த இடத்தில் நிற்கிறது என்றால் தடத்தில் படிவு சேர்ந்திருக்கிறது. நீர்த்துளி தங்காமல் வழிய, கடைசி நீரில் சேர்க்கும் வெட்டிங் ஏஜென்ட் காய்ந்து பிசுபிசுப்பாகப் படியும். கோடக்கின் ஃபோட்டோ-ஃப்ளோ 200 போன்றவற்றை 1 பங்குக்கு 200 பங்கு நீர் என்ற அளவில்தான் கலக்க வேண்டும். கண்ணளவில் ஊற்றினால் பெரும்பாலும் கூடிவிடும். அதைவிட நல்லது, ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றியபின் வேறொரு பாத்திரத்தில் அதில் முக்குவது. படிந்துவிட்ட ரீலை வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு, தடம் தடமாகத் தேய்த்துக் கழுவி, சோப்பு துளியும் மிஞ்சாமல் அலசுங்கள். எண்ணெய், மெழுகு, சிலிகான் ஸ்ப்ரே எதையும் வழுக்கலுக்காகத் தடவாதீர்கள். அவை எமல்ஷனில் ஒட்டி, டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) படாத பொட்டுகளாகத் தெரியும்.

ஃபிலிம் ஏற்றும் முன் வெளிச்சத்தில் 20 சென்டிமீட்டர் வீண் ஃபிலிம் துண்டு ஒன்றை ரீலின் ஒரு முனையிலிருந்து நடுவரை ஓட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை. துண்டு தயங்கினால் ரீல் தயாராக இல்லை.

கரகரவென்று மடங்கும் ஓசை, அல்லது ஒரு ஓரம் துருத்துகிறது

ஃபிலிம் ஒரு பக்கத்தில் தடம் புரண்டு அடுத்த தடத்துக்குத் தாவியிருக்கிறது. இன்னும் இரண்டு சுற்று போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் தொடராதீர்கள்; அது சரியாகாது. ஓசை கேட்ட இடத்துக்கும் முன்னால் ஒரு சுற்றுவரை பின்னே இழுத்து, மறுபடி ஏற்றுங்கள். இது திரும்பத் திரும்ப நடந்தால் ரீலின் இரு பக்கங்களும் முழுமையாகப் பூட்டிக்கொள்ளவில்லை, இடைவெளி ஓரிடத்தில் கூடியிருக்கிறது என்று பொருள். 35 மி.மீ. அளவில் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

இருட்டுப் பைக்குள் எல்லாமே ஒட்டுகிறது

சேஞ்சிங் பேக் எனப்படும் இருட்டுப் பையில் காற்றோட்டம் கிடையாது. பத்து நிமிடம் கை உள்ளே இருந்தால் வியர்வையின் ஈரம் முழுதும் ஃபிலிமுக்குத்தான் போகும். பதற்றம் கூடக் கூட வியர்வை கூடும், ஃபிலிம் மேலும் ஒட்டும். அதற்கு இடம் கொடுக்காமல் ஐந்தாறு நிமிடத்தில் ஏற்றம் முடியவில்லை என்றால் டேங்கை மூடி வெளியே வாருங்கள். பையை உள்வெளியாகத் திருப்பிக் காற்றாட விடுங்கள். லேடெக்ஸ், நைட்ரைல் கையுறைகள் விரல்ரேகையைத் தடுக்கும், ஆனால் உள்ளே வியர்வை சேரும். மணிக்கட்டு வழியாக அது கசியும். துணிக் கையுறை நூல்தூசியை உதிர்க்கும். சோப்பு போட்டுக் கழுவி, முழுதும் உலர்ந்த வெறும் கையே மேல். ஃபிலிமின் ஓரங்களை மட்டும் தொடுங்கள். பையின் துணி மேலே சரிந்து விரல்களை மறைப்பதும் ஒரு தொல்லை. உள்ளே ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தவாறு வைத்தால் கூடாரம்போல் இடம் கிடைக்கும்.

கேசட் திறக்கவில்லை

ஸ்பூலின் (ஃபிலிம் சுற்றியிருக்கும் நடு உருளையின்) குமிழ் துருத்தாத தட்டையான மூடியின் விளிம்பில் பாட்டில் ஓப்பனரை மாட்டி நெம்புங்கள். ஒரே நெம்பில் வராவிட்டால் கேசட்டைச் சற்றுச் சுழற்றி இன்னொரு இடத்தில் நெம்புங்கள். மூடி வந்ததும் குமிழை அழுத்தினால் ஸ்பூல் மறுபக்கம் வெளியே வரும். தகட்டு விளிம்பு கூர்மையானது. ஃபிலிம் அதில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீல் நிறைந்துவிட்டது, ஃபிலிம் இன்னும் மிச்சம்

கடையில் வாங்கிய 36 பட ஃபிலிமில் இது நேராது. அப்படி நேர்ந்தால் ஃபிலிம் எங்கோ தாவியிருக்கிறது. பின்னே எடுத்துப் பாருங்கள். நீளச் சுருளாக வாங்கிய பல்க் ஃபிலிமைக் கையால் சுற்றி நிரப்பிய கேசட் என்றால், நிரப்பும்போதே நீளம் கூடியிருக்கலாம். மிச்சத்தை வெட்டி, இரண்டாவது ரீலில் ஏற்றுங்கள். வெட்டும் இடத்தில் ஒரு படம் போகும், அவ்வளவே. வாலைத் தொங்கவிட்டு மூடினால் அது வெளிச் சுற்றில் ஒட்டி மேலும் இரண்டு மூன்று படங்களைக் கெடுக்கும்.

ஸ்பூலோடு ஒட்டியுள்ள டேப்பைப் பிய்க்காமல் அதை ஒட்டிக் கத்தரியுங்கள். கேமராவில் ஃபிலிம் இறுகும்வரை எடுத்திருந்தால் 37ஆம், 38ஆம் படம் டேப்புக்கு மிக அருகில் இருக்கும்.

ஸ்டீல் ரீல்: முன்பின் இழுத்தால் அசையவில்லை

ஹ்யூஸ் போன்ற நல்ல ஸ்டீல் ரீல்களின் நடுவில் இரண்டு கொக்கிகள் இருக்கும், 35 மி.மீ. ஃபிலிமின் ஓரத் துளைகள் அவற்றில் மாட்டும். மற்றவற்றில் ஒரு கிளிப். நடுவில் ஃபிலிம் ஒரு மில்லிமீட்டர் கோணலாக மாட்டப்பட்டாலும் முதல் சுற்றிலேயே ஒரு பக்கம் தடத்துக்கு வெளியே போகும். அதன் மேல் வரும் எல்லாச் சுற்றுகளும் அந்தத் தவற்றைச் சுமக்கும். எனவே இங்கே முழுக் கவனமும் முதல் ஒன்றரைச் சுற்றுக்குத்தான்.

ஃபிலிமின் இரு ஓரங்களையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஓடுபோல் மிக லேசாக வளையுங்கள். வளைவால் அகலம் குறைந்து ஃபிலிம் கம்பிகளுக்கிடையே நுழையும். பிடி தளர்ந்ததும் விரிந்து தடத்தில் அமரும். ஃபிலிமைத் தள்ளாதீர்கள். ரீலை மேசைமேல் நிறுத்தி உருட்டுங்கள், ஃபிலிமை அது தானே வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நிறுத்தி, ஃபிலிமைச் சில மில்லிமீட்டர் முன்னே தள்ளிப் பின்னே இழுங்கள். தடத்தில் இருக்கும் ஃபிலிம் தாராளமாக ஆடும். ஆடவில்லை என்றால் எங்கோ இரண்டு சுற்றுகள் ஒரே தடத்தில் நெருங்கிவிட்டன. ஆடும் இடம் வரும்வரை பின்னே சுற்றுங்கள். முடித்தபின் இரு பக்கங்களையும் விரலால் வருடிப் பாருங்கள். எங்கும் ஃபிலிம் ஓரம் துருத்தக் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே இடத்தில் தவறுகிறதா? ரீல் கீழே விழுந்து வளைந்திருக்கும். இரு சுருள்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். கையால் நிமிர்த்திய ஸ்டீல் ரீலை நம்ப முடியாது, தூக்கிப் போடுங்கள். நேராக இருக்கும் ரீலோ பல ஆண்டுகள் உழைக்கும். துணியால் துடைத்தாலே அடுத்த ஃபிலிமுக்குத் தயாராகிவிடும் என்பது பிளாஸ்டிக்கில் கிடைக்காத வசதி.

120 ஃபிலிம்: நுனி ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது

61 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது 120 ஃபிலிம். நீளம் குறைவு என்பதால் பாதியில் நிற்பது அரிது. அகலமான, துவளும் நுனியை இரு வாயிலிலும் ஒரே நேரத்தில் நுழைப்பதுதான் பாடு. முதலில் ரீலை 120 அளவுக்கு மாற்றினீர்களா என்பதைப் பாருங்கள். பேட்டர்சன் ரீலில் நடுவே 127 என்ற இன்னொரு ஃபிலிம் அளவுக்கான நிலையும் உண்டு, அதில் நின்றுவிடுவது சகஜம்.

120 ஃபிலிமோடு சேர்ந்து சுருண்டிருக்கும் பின்காகிதத்தை அவிழ்த்துக்கொண்டே போனால் முதலில் வருவது ஒட்டப்படாத முனை. ஒட்டிய முனை கடைசியில் வரும். ஒட்டப்படாத முனை துவண்டு தொல்லை தந்தால், முழுதும் அவிழ்த்து டேப்பைக் காகிதத்திலிருந்து பிரித்து, அதையே ஃபிலிமின் மேல் மடித்து ஒட்டி, அந்த முனையை முதலில் நுழையுங்கள். டேப்பின் தடிப்பு நுனியை நிமிர்த்தி வைக்கும். டேப்பைப் பிரிக்கும்போது மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று பிய்த்தால் பசையிலிருந்து மங்கலான நீல ஒளி தோன்றும். முழு இருட்டில் கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு உத்தி: ஃபிலிம் டப்பாவின் அட்டையில் 6 சென்டிமீட்டர் அகலத் துண்டு வெட்டி, அதை ரீலின் நுழைவாயிலிலிருந்து குண்டுகளுக்கு அப்பால்வரை பாலம்போல் செருகுங்கள். ஃபிலிமை அதன்மேல் வழுக்கவிட்டு, நுனி குண்டுகளைத் தாண்டியதும் அட்டையை உருவிவிடுங்கள்.

கழுவியபின் நெகடிவில் தெரியும் அறிகுறிகள்

பிறை வடிவக் கறைகள்

நகக்கீறல்போல் சிறு பிறைகள், பெரும்பாலும் நெகடிவில் கருமையாகத் தெரிந்தால், ஏற்றும்போது ஃபிலிம் அங்கே நொடித்திருக்கிறது. அழுத்தம் பட்ட வெள்ளி உப்பு, ஒளி பட்டதுபோலவே டெவலப் ஆகிவிடும். ஸ்டீல் ரீலில் அளவுக்கு மீறி வளைப்பதும், 120 ஃபிலிமை ஒரு கையால் தொங்கவிடுவதும் வழக்கமான காரணங்கள். இதை ரசாயனத்தால் நீக்க முடியாது. ஸ்கேனில் திருத்துவதே வழி.

பால்நிறத்தில் ஒளி ஊடுருவாத திட்டுகள்

இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அங்கே டெவலப்பரும் போகவில்லை, மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைக்கும் ஃபிக்ஸரும் போகவில்லை. ஃபிலிமை மறுபடி ஃபிக்ஸரில் போட்டால் திட்டு கரைந்து அந்த இடம் கண்ணாடிபோல் வெறுமையாகிவிடும். படம் திரும்ப வராது, ஆனால் அக்கம்பக்கம் தப்பிக்கும். ஃபிக்ஸ் ஆகாத வெள்ளி உப்பு நாளடைவில் கறுக்கும் என்பதால் இதைச் செய்துவிடுவதே சரி. சில ஃபிலிம்களில் ஒட்டிய இடத்தின் பின்பக்கத்தில் ஊதா அல்லது நீலச் சாயம் மட்டும் தங்கியிருக்கும். கூடுதலாகக் கழுவினால் போய்விடும்.

ஒரு நீள ஓரம் முழுதும் வெளிறியிருக்கிறது

திட்டுத்திட்டாக இல்லாமல் முதல் படம் முதல் கடைசிப் படம்வரை ஒரே ஓரம் மெலிந்திருந்தால் ஏற்றத்தில் தவறில்லை. அந்த ஓரம் டெவலப்பருக்கு மேலே நின்றிருக்கிறது. பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரீலுக்கு 290 மி.லி., 120க்கு 500 மி.லி. தேவை. அளவு சரியாக இருந்தும் நேர்ந்தால், குலுக்கும்போது ரீல் தண்டில் மேலே ஏறியிருக்கிறது. தண்டுக்கான வளையக் கிளிப்பை மாட்டுங்கள், அல்லது பெரிய டேங்கில் மேலே ஒரு காலி ரீலை வையுங்கள்.

மரக்கிளைபோல் பிரியும் கரிய கோடுகள்

நிலைமின்சாரப் பொறி. வறண்ட காற்றில் ஃபிலிமை விருட்டென்று அவிழ்த்தால் வரும். மெதுவாக அவிழ்த்தால் போதும்.

நீள வாக்கில் நேர்க்கோட்டுக் கீறல்

கேசட் வாயின் வெல்வெட்டில் சிக்கிய மணல்துகள் காரணமாகலாம். இறுகச் சுருண்ட ஃபிலிமைக் கையால் மேலும் முறுக்கி இறுக்கினாலும் அடுக்குகள் உரசிக் கீறும். நாக்கை வெளியே எடுத்து இழுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தொடர்ந்து வந்தால், கேசட்டைத் திறந்து ஏற்றிப் பாருங்கள்.

கருமூட்டம்

மூட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். படச் சட்டத்துக்குள் மட்டும் இருந்தால் லென்ஸ், ஷட்டர் பக்கம் தேட வேண்டும். ஓரத் துளைகளையும் பட எண்களையும் தாண்டி விளிம்புவரை படர்ந்திருந்தால், கேமராவின் பின்கதவோ ஏற்றிய இடமோ காரணம். ஒரே மாதிரியான மூட்டம் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி வந்து, அந்த இடைவெளி ஒரு முனையை நோக்கிப் படிப்படியாகக் குறைந்தால், ஃபிலிம் ரீலில் சுருண்டிருந்தபோது ஒளி பட்டிருக்கிறது: ஒவ்வொரு சுற்றின் அதே பக்கமும் அடி வாங்கியிருக்கிறது. மூடி சரியாக அமரவில்லை, அல்லது தண்டு விடுபட்டது.

அறைதான் சந்தேகம் என்றால் விளக்கை அணைத்து 10 நிமிடம் உள்ளே உட்காருங்கள். கண் பழகியபின் கையில் பிடித்த வெள்ளைத் தாளின் உருவம் தெரிந்தால் ஒளி கசிகிறது. கதவின் அடி, சாவித்துளை, சார்ஜரின் சிறு விளக்கு, கைக்கடிகாரத்தின் ஒளிரும் முள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மூடுங்கள். சிவப்பு விளக்கு, சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோ ஃபிலிமுக்கு மட்டும்தான் ஆகும். எல்லா நிற ஒளியையும் உணரும் வழக்கமான பான்குரோமாடிக் ஃபிலிமுக்கு முழு இருட்டு வேண்டும். இருட்டுப் பையென்றால் இரண்டு அடுக்கு ஜிப்பும் மூடியிருக்கிறதா, கைவிளிம்பின் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள். எலாஸ்டிக் முழங்கை அருகில் இருக்கட்டும், மணிக்கட்டில் நிற்கக் கூடாது. நல்ல பையானாலும் நேர் வெயிலில் வைத்து வேலை செய்யாதீர்கள்.